மூட்டு நோயும் மூதறிஞர் கண்ட வழியும்

உடலில் எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்திற்குத் தமிழர் இட்ட பெயர் 'மூட்டு'. மூட்டுதல் என்றால் இணைத்தல், பொருத்துதல் என்று பொருள். அதே இடத்திற்கு அரபியர் இட்ட பெயர் 'மஃப்ஸில்'. அதன் பன்மை 'மஃபாஸில்'. இச்சொல்லுக்கு வேராக நிற்கும் 'ஃபஸ்ல்' என்பதற்குப் பிரித்தல், வகுத்தல் என்று பொருள். நூலொன்றின் பகுதியையும் ஆண்டின் பருவத்தையும் அரபியர் இவ்வேர்ச் சொல்லாலேயே குறிப்பர். ஓர் உறுப்பைத் தமிழ் சேர்க்கையாகக் கண்டது. அரபு அதனையே பிரிவாகக் கண்டது. இரண்டும் உண்மையே. சேர்ந்தும் பிரிந்தும் இருப்பதனாலன்றோ மூட்டு அசைகிறது!

அந்த மூட்டில் நோய் வந்துற்றபோது அஃது இன்ன நோயென்று கண்டறிவதற்கு அரபு மொழியில் இன்று வழங்கும் சொல் 'தஷ்கீஸ்'. 'ஷக்ஸ்' என்றால் ஆள், தனியுரு. கூட்டத்தில் நிற்கும் பலருள் ஒருவரை அடையாளங் கண்டு தனியே நிறுத்துவது போல, ஒன்றுபோல் தோன்றும் பல நோய்களுள் ஒன்றினை அதன் தனியுருவோடு நிறுத்திக் காட்டுவதே தஷ்கீஸ். ஆகவே மூட்டு நோயைக் கண்டறியும் கலை முழுவதும் பிரித்தறியும் கலை என்று கூறலாம்.

இதனை நாம் இங்கே எடுத்து எழுதுவதற்கு ஒரு காரணமுண்டு. வயது அறுபதைக் கடந்த ஒருவர் இரவில் நலமாகப் படுக்கிறார். காலையில் முழங்கால் வீங்கிக் கனன்று கிடக்கிறது. மற்றொருவர்க்குச் சின்னாட்களுக்குள் இரு தோள்களும் இறுகிச் சட்டை அணியக் கையைத் தூக்க இயலாமற் போகிறது. இவர்களைப் பார்த்து வீட்டாரும் அண்டை அயலாரும் சொல்வன இரண்டே சொற்கள். ஒன்று, 'வாதம்'. மற்றொன்று, 'வயது'. இவ்விரு சொற்களும் உச்சரிக்கப்பட்டவுடன் விசாரணை முடிந்து போகிறது. தைலம் வருகிறது, ஒற்றடம் வருகிறது, கேள்வி மட்டும் வருவதில்லை. கேள்வி கேட்ட அறிஞர்களின் வரலாற்றைச் சிறிது நினைவு கூர்வோம்.

அமீரின் நோயும் ராஸியின் கத்தியும்

மூட்டு நோய் பற்றிய கதைகளுள் கிழக்கு நாடுகளில் மிகப் புகழ் பெற்றது ஒன்று. சமர்க்கந்து நகரத்து நிஜாமீ அரூஸீ என்பார் கி.பி. 12-ஆம் நூற்றாண்டின் இடையில் பாரசீக மொழியில் இயற்றிய 'சஹார் மகாலா', அதாவது 'நான்கு கட்டுரைகள்' என்னும் நூலில் அது வருகிறது.

ஸாமானிய மரபைச் சேர்ந்த அமீர் மன்ஸூர் இப்னு நூஹ் என்பாருக்கு மூட்டு நோய் கண்டு, எழுந்து நிற்கவும் இயலாத நிலை ஏற்பட்டது. அவையிலிருந்த மருத்துவர் எவராலும் பயனில்லை. ரை நகரத்து அபூபக்ர் முஹம்மது இப்னு ஜகரிய்யா ராஸிக்கு அழைப்புச் சென்றது. ராஸி ஜைஹூன் ஆற்றங்கரை வரை வந்தார். அந்தப் பெருவெள்ளத்தைக் கண்டதும் படகில் ஏற மறுத்து விட்டார். அமீரின் ஆட்கள் அவரைக் கைகால் கட்டிப் படகிலிட்டு அக்கரை சேர்த்தனர். கட்டவிழ்த்த பின் அவர் சினங் கொள்ளவில்லை. காரணங் கேட்டபோது, ஆயிரக்கணக்கானோர் இந்த ஆற்றை நலமாகக் கடப்பதை அறிவேன். ஆயினும் நானாக ஏறி மூழ்கியிருந்தால் உலகம் என்னை மூடனென்றிருக்கும். கட்டுண்டு மூழ்கியிருந்தால் எவரும் என்னைப் பழித்திரார் என்று கூறினாராம்.

பல மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தும் நோய் தணியவில்லை. முடிவில் ராஸி, விரைந்தோடும் குதிரை ஒன்றையும் கோவேறு கழுதை ஒன்றையும் கேட்டுப் பெற்றுக் குளியலறை வாயிலில் கட்டச் செய்தார். ஏவலர் எவரையும் உள்ளே விடாமல் அமீரை மட்டும் அழைத்துச் சென்று, வெந்நீர் வார்த்து, ஒரு மருந்தையும் புகட்டினார். பின்னர் வெளியே போய் ஆடையணிந்து திரும்பியவர், அமீரை வாயார ஏசி, என்னைக் கட்டி இழுத்து வரச் செய்த உன் உயிரைப் போக்காமல் விடேன் என்று கத்தியை உருவினார். அச்சமும் கடுஞ்சினமும் பொங்க அமீர் துள்ளி எழுந்து நின்றார். ராஸியோ குதிரையேறிப் பறந்து விட்டார். உடலின் இயற்கைச் சூடு குன்றியிருந்தது. மருந்தால் அதனை எழுப்ப நெடுங்காலமாகும். ஆகவே சினத்தால் எழுப்பினேன் என்று பின்னர் மடல் எழுதினாராம்.

சுவை மிகுந்த கதை! மதரஸாவில் பாரசீகம் பயின்ற காலத்தில் நாமும் இதனைக் கேட்டு வியந்தவரே. எனினும், வியப்பைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ராஸி மறைந்தது கி.பி. 925-இல். மன்ஸூர் இப்னு நூஹ் அரியணை ஏறியதோ 961-இல். மறைந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் மருத்துவர் எங்ஙனம் ஆற்றைக் கடந்து வந்திருத்தல் கூடும்? ராஸி தம் 'கிதாபுல் மன்ஸூரி' என்னும் நூலைக் காணிக்கையாக்கியது ரை நகரின் ஆளுநராயிருந்த மன்ஸூர் இப்னு இஸ்ஹாக் என்பாருக்கு. பெயர் ஒன்றாயிருந்தமையால் இரு மன்ஸூர்களும் கதையில் ஒருவராகி விட்டனர்.

கதையிலுள்ள பெரிய குறை இதுவன்று. அமீருக்கு வந்தது என்ன நோய் என்பது கதையில் எங்குமே இல்லை. மூட்டு நோய் என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. எந்த மூட்டு? ஒன்றா, பலவா? வீக்கம் இருந்ததா? திடீரென வந்ததா, படிப்படியாக வந்ததா? குணமானது நினைவில் நின்றது. நோய் நினைவில் நிற்கவில்லை. பொதுமக்கள் மருத்துவத்தை எப்படி நினைவில் வைக்கின்றனர் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

உண்மை ராஸி

வரலாற்றில் வாழ்ந்த ராஸி இதற்கு நேர்மாறானவர். பெரியம்மையையும் சின்னமுத்து எனப்படும் தட்டம்மையையும் தனித்தனி நோய்களாக வைத்து அவர் எழுதிய நூல் உலகறிந்தது. இரண்டும் காய்ச்சலோடு வருவன; இரண்டும் தோலில் வெடிப்பன. அவற்றைப் பிரித்தறிய முதுகுவலி எதில் மிகுதி, மனக்கலக்கம் எதில் மிகுதி என்று பார்த்தவர் அவர். ஒத்த தோற்றமுடைய நோய்களுக்கிடையேயுள்ள வேறுபாடுகளைக் கேள்வியும் விடையுமாகக் கூறும் நூலொன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அது 1978-இல் அலெப்போ நகரில் பதிப்பிக்கப்பட்டது. மூட்டு வலிக்கெனத் தனி நூலும் அவர் எழுதினார்.

அவர் மறைந்த பின் மாணவர் தொகுத்த 'அல்-ஹாவீ' என்னும் பெருநூலைப் புரட்டுவோர் ஒரு சிறு சொல்லை அடிக்கடி காண்பர். கிரேக்கர், சிரியர், இந்தியர் ஆகிய முன்னோர் ஒவ்வொருவர் கூற்றையும் அவரவர் பெயரோடு எழுதிய பின், 'லீ' என்று ராஸி குறிப்பார். 'எனது' என்பது அதன் பொருள். அதாவது, இதுவரை பிறர் கூறியது. இனி வருவது நான் கண்டது. கேட்டதையும் கண்டதையும் கலவாமல் வைத்த இந்த நேர்மையே மருத்துவத்தின் அடித்தளம்.

அவருக்குப் பின் வந்த இப்னு ஸீனா (980-1037) தம் 'அல்-கானூன்' நூலின் மூன்றாம் பாகத்தில் மூட்டு நோய்களை வரிசைப்படுத்தினார். 'வஜஉல் மஃபாஸில்' என்பது பொதுவான மூட்டுவலி. 'நிக்ரிஸ்' என்பது பாதத்தையும் பெருவிரலையும் பற்றும் வலி. 'இர்க்குன் நஸா' என்பது இடுப்பிலிருந்து காலின் வழியே இறங்கும் வலி. இம்மூன்றும் உறவுடையவை, ஆயினும் ஒன்றல்ல என்பது அக்கால மருத்துவரின் தெளிவு. நோய்க்குக் காரணம் குருதி, கபம், பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்மங்களின் கேடு என்று அவர்கள் நம்பினர். அந்தக் கொள்கை இன்று வழக்கொழிந்து விட்டது. எனினும், அதனைத் துணிவதற்காக அவர்கள் பார்த்தவை இன்றும் பார்க்கப்படுபவையே: வீக்கத்தின் நிறம், தொட்டால் தெரியும் சூடு, வலி வந்த வேகம், நோயாளியின் வயது, அவர் உண்ணும் உணவு.

நிக்ரிஸ் நோய்க்கு அவர்கள் தந்த மருந்து 'ஸூரிஞ்சான்' என்னும் கிழங்கு. இதனை 6-ஆம் நூற்றாண்டிலேயே திரால்லெஸ் நகரத்து அலெக்சாந்தர் என்னும் கிரேக்க மருத்துவர் பரிந்துரைத்திருந்தார். அவ்வினத்துச் செடியிலிருந்து 1820-இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்லத்தியே, காவந்து இருவரும் பிரித்தெடுத்த சத்தே 'கோல்ச்சிசின்'. இன்றும் அஃது அந்நோய்க்கு மருந்தாகும். அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சாகும். எந்த வலிக்கு எது மருந்து என்பதைப் பிரித்தறியாமல் கொடுத்தால், மருந்தே கேடாவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

படிகம் பேசிய கதை

ஐரோப்பியர் நெடுங்காலம் எல்லா மூட்டு வலிகளையும் ஒரே பெயரால் அழைத்து வந்தனர். அவர்கள் வழங்கிய 'கௌட்' என்னும் சொல் 'துளி' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'ருமாட்டிசம்' என்பதற்கு வேரான கிரேக்கச் சொல்லுக்கு 'ஒழுகுதல்' என்று பொருள். தலையிலிருந்து தீய நீர் துளித்துளியாக ஒழுகி மூட்டில் தங்குகிறது என்பது பழைய நம்பிக்கை. அரபியர் 'நஸ்லா' என்று வழங்கியதும், நாம் 'நீர் இறங்கியிருக்கிறது' என்று சொல்வதும் இதே கருத்தின் கிளைகளே.

இவ்விரண்டையும் முதலில் பிரித்துக் காட்டியவர் பாரிசு நகரத்து மருத்துவர் கியோம் தெ பாயூ. அவர் நூல் அவர் மறைவுக்குப் பின் 1642-இல் வெளிவந்தது. 1683-இல் இங்கிலாந்தின் தாமஸ் சிடன்ஹாம், நள்ளிரவு கடந்த வேளையில் பெருவிரல் வலியால் விழித்தெழும் நோயாளியைச் சொல்லோவியமாகத் தீட்டினார். போர்வையின் பாரத்தையும் பொறுக்க மாட்டாத அந்த வலியை அவர் பிறரிடம் கேட்டு எழுதவில்லை. தாமே பல்லாண்டு அந்நோயால் வருந்தியவர் அவர். ராஸியின் 'லீ' இங்கே வேறொரு மொழியில் ஒலிக்கிறது!

அதற்கு நான்காண்டுகள் முன்னர், 1679-இல், ஆலந்து நாட்டு லேவன்ஹுக் தம் நுண்ணோக்கியின் கீழ் இந்நோயாளி ஒருவரின் கட்டியிலிருந்த வெண்பொருளை வைத்துப் பார்த்தார். சுண்ணாம்பு போன்றிருந்த அது ஊசி போன்ற நுண்ணிய படிகங்களாகத் தெரிந்தது. அஃது யாதென அவர் அறியார். 1797-இல் வாலஸ்டன் அது யூரிக் அமிலத்தின் உப்பு என்று காட்டினார். 1848-இல் ஆல்பிரட் காரட், இந்நோயாளரின் குருதியிலேயே அவ்வமிலம் மிகுந்திருப்பதை மெய்ப்பித்தார். கைவிரல் மூட்டுகளை இருபுறமும் சமமாகப் பற்றி உருக்குலைக்கும் வேறொரு நோய்க்கு 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்று தனிப்பெயர் இட்டவரும் அவரே. நம் வழக்கில் அது முடக்குவாதம்.

இவ்வரலாற்றில் மிகச் சிறந்த திருப்பம் 1961-இல் நிகழ்ந்தது. அமெரிக்காவின் மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்னும் இரு மருத்துவர்கள், வீங்கிய மூட்டிலிருந்து ஊசியால் நீரை எடுத்து, ஒளியை ஒருதிசைப்படுத்தும் நுண்ணோக்கியில் பார்த்தனர். ஊசி போன்ற யூரிக் படிகங்கள் பளிச்சிட்டன. நிக்ரிஸ் நோய்க்கு ஐயமற்ற அடையாளம் கிடைத்து விட்டது. அத்துடன் நில்லாமல், அறிகுறியெல்லாம் அந்நோயே போன்றிருந்த முதியோர் சிலரின் மூட்டு நீரில் அப்படிகங்கள் இல்லை என்பதையும் கண்டனர். அங்கே கட்டையான வேறு படிகங்கள் இருந்தன. அவை கால்சியம் பைரோபாஸ்பேட் என்னும் பொருள். பெருவிரலை விட முழங்காலையும் மணிக்கட்டையும் பற்றும் இந்நோய்க்குப் 'போலி கௌட்' என்று 1962-இல் பெயர் வழங்கலாயிற்று. ஆயிரம் ஆண்டுகளாக ஒன்றென்று எண்ணப்பட்டது இரண்டாகப் பிரிந்தது. ஃபஸ்ல் என்பது இதுவன்றோ!

கண் மருத்துவர் கண்ட நெற்றிப்பொட்டு

இனி, மூட்டில் தொடங்கிக் கண்ணில் முடியும் ஒரு நோயைப் பற்றிக் கூற வேண்டும்.

கி.பி. 1000-ஐ ஒட்டிய காலத்தில் பக்தாது நகரில் வாழ்ந்தவர் அலீ இப்னு ஈஸா. அவர் கிறிஸ்தவர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 'கஹ்ஹால்' என்பது அவர்தம் பட்டம். சுருமாவைக் குறிக்கும் 'குஹ்ல்' என்னும் சொல்லிலிருந்து கண் மருத்துவரைக் குறிக்கும் இப்பெயர் பிறந்தது. அவர் இயற்றிய 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' என்னும் நூல் பல நூற்றாண்டுகள் கண் மருத்துவர்க்குக் கைந்நூலாய் விளங்கியது. நெற்றிப்பொட்டில் ஓடும் நாடிகளை அறுத்து நீக்கும் சிகிச்சையைக் கூறுமிடத்தில், ஒற்றைத் தலைவலியோடும், பொட்டுத் தசைகளின் சூட்டோடும் அழற்சியோடும் வரும் நோயையும், அது பார்வை இழப்பில் முடியக் கூடும் என்பதையும் அவர் குறிக்கிறார்.

இந்த வரிகளை வைத்து, இன்று 'டெம்போரல் ஆர்ட்டெரைட்டிஸ்' எனப்படும் நாடியழற்சியை முதலில் கண்டவர் இவரே என்று மேனாட்டு மருத்துவர் பலர் எழுதியுள்ளனர். நாம் இதில் சற்று நிதானிக்க வேண்டும். அவர் நாடியை அறுத்தது, தீய நீர் கண்ணுக்குள் இறங்கும் வழியை அடைப்பதற்காக. நாடியே நோயுற்றது என்று அவர் கூறவில்லை. நம் முன்னோர் யாவற்றையும் முன்னரே அறிந்திருந்தனர் என்று முழங்குவது எளிது. அஃது அவர்க்குச் செய்யும் சிறப்பன்று. பொட்டின் வலிக்கும் கண்ணின் இருளுக்கும் தொடர்புண்டு என்பதைப் பார்த்தார், எழுதி வைத்தார். அவ்வளவே. அவ்வளவும் பெரிதே.

1888-இல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்பெப்பர் என்னும் நீராடு நகரில் மருத்துவம் செய்த வில்லியம் புரூஸ், தோளும் இடுப்பும் இறுகி முடங்கிய ஐந்து முதியவர்களைப் பற்றி எழுதினார். 1890-இல் லண்டனின் ஜொனாதன் ஹட்சின்சன், நெற்றிப்பக்கத்து நாடிகள் சிவந்து தடித்தமையால் தொப்பி அணிய மாட்டாதிருந்த ஒரு முதியவரைப் பற்றி எழுதினார். 1932-இல் அமெரிக்காவில் ஹார்ட்டனும் உடனுழைத்தோரும் அத்தகைய நாடியை வெட்டியெடுத்துச் சோதித்து, அழற்சி நாடிச் சுவரிலேயே இருப்பதைக் காட்டினர். புரூஸ் கண்ட தோள் நோய்க்கு 1957-இல் 'பாலிமையால்ஜியா ருமாட்டிகா' என்ற பெயர் அமைந்தது. தோள் நோயும் நாடி நோயும் உறவுடையன என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று. நாடியழற்சி கண்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தோள், இடுப்பு இறுக்கமும் இருக்கும். இரண்டும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரையே பற்றுவன.

இதற்கிடையில் 1948-இல் பிலிப் ஹென்ச் என்பார் கார்ட்டிசோன் என்னும் மருந்தை முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கொடுத்து, படுக்கையில் கிடந்தவர் சின்னாட்களில் எழுந்து நடக்கக் கண்டார். 1950-இல் அவருக்கும் கெண்டால், ரைஷ்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அமீரைக் கத்தி காட்டி எழுப்பிய கதை ஒரு வகையில் மெய்யாயிற்று எனலாம். ஆயினும் அது சினத்தாலன்று. இம்மருந்து வகையே நாடியழற்சியில் எஞ்சிய பார்வையைக் காப்பது.

நாம் கண்ட ஒருவர்

நம்மோடு பல்லாண்டுகள் பாடம் நடத்திய மூத்த உஸ்தாது ஒருவர் இருந்தார். எழுபதைக் கடந்த பின்னும் தம் துணிகளைத் தாமே துவைப்பவர். ஒரு மாதத்தில் அவர்தம் நிலை மாறியது. தொழுகையில் தக்பீர் கட்டக் கைகளைக் காது வரை உயர்த்த இயலவில்லை. ஸஜ்தாவிலிருந்து எழப் பக்கத்திலிருப்போர் தாங்க வேண்டியதாயிற்று. சுப்ஹு வேளையில் வலியும் இறுக்கமும் மிகுதி. லுஹருக்குள் ஓரளவு தணியும். நாம் என்ன சொன்னோம்? "வயது ஹஜரத், வேறொன்றுமில்லை" என்றோம். அவர் பார்த்த மருத்துவரும் அதனையே சொல்லி வலி மாத்திரை எழுதித் தந்தார்.

பின்னர்த் தலைவலி தொடங்கிற்று. தொப்பி வைத்தால் பொட்டு வலிக்கிறது என்றார். உணவை மென்று கொண்டிருக்கும்போதே தாடை வலித்து நிறுத்தி விடுவார். பல்வலி என்று எண்ணினோம். ஒரு காலை, ஓதுவதற்குத் திருமறையை விரித்தவர், வலக்கண்ணில் திரை விழுந்தாற்போல் இருக்கிறது என்றார். பெரிய மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டு சென்றபோது, அங்கிருந்த இளைய மருத்துவர் கேட்ட முதற்கேள்விகள் நான்கு: தோள் வலி உண்டா? மெல்லும்போது தாடை வலிக்கிறதா? தலையைத் தொட்டால் வலிக்கிறதா? காலையில் எவ்வளவு நேரம் இறுக்கம்? நான்கிற்கும் விடை எங்களிடம் முன்னரே இருந்தது. கேட்பாரின்றி இருந்தது.

அன்றே மருந்து தொடங்கப்பட்டது. இடக்கண் தப்பியது. வலக்கண் திரும்பவில்லை. "ஒரு கண் போதும், எழுத்துத் தெரிகிறது" என்று அவர் நம்மைத் தேற்றினார். நமக்குத் தேறவில்லை. ராஸியின் கதையை மாணவர்க்குச் சுவைபடச் சொல்லிக் கொடுத்த நாம், பக்கத்து அறையில் இருந்தவரிடம் ஒரு கேள்வி கேட்கத் தவறினோம். மேனாட்டாரை நோக்க நம் நாட்டினரிடையே இந்நோய் அரிது என்பது உண்மை. அரியதாயிருப்பதே அதனை மறக்கச் செய்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

இன்றைய மருத்துவர் முதியவரின் மூட்டு நோயைப் பிரித்தறியும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம்.

நோய் ஒரே மூட்டிலா, பலவற்றிலா என்பது முதற்கேள்வி. ஒரே மூட்டு சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வீங்கிச் சூடேறினால் மூன்று காரணங்கள் முன்னிற்கும்: யூரிக் படிகம், பைரோபாஸ்பேட் படிகம், கிருமித் தொற்று. இம்மூன்றையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க இயலாது. ஊசியால் மூட்டு நீரை எடுத்துச் சோதிப்பதே வழி. கிருமித் தொற்று சில நாட்களுக்குள் மூட்டை அழித்து விடும். குருதியில் பரவி உயிரையும் வாங்கும். முதியோரிடம் அது காய்ச்சலின்றியும் வரும் என்பதால், காய்ச்சலில்லை, ஆகவே அச்சமில்லை என்று இருந்து விடலாகாது. நிக்ரிஸ் தாக்கும் வேளையில் குருதியின் யூரிக் அளவு இயல்பாகவும் இருக்கக் கூடும். எனவே அந்த எண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் உண்ணும் நீர் பிரிக்கும் மாத்திரைகள் யூரிக் அளவை உயர்த்துவதால், முதியவர் உட்கொள்ளும் மருந்துகளைக் கேட்டறிவதும் இன்றியமையாதது. மாதவிலக்கு நின்ற பின்னரே பெண்களுக்கு இந்நோய் வரும் என்ற கருத்து ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே உண்டு; இன்றைய அறிவும் பெரும்பாலும் அதற்கு இணங்குகிறது.

பல மூட்டுகள் ஒருங்கே வலித்தால் காய்ச்சல் முன்னர் வந்ததா என்று கேட்பர். 1952-53-இல் தங்கனீக்காவின் மகோண்டே மேட்டுநிலத்தில் முதலில் அறியப்பட்ட சிக்குன்குன்யா, 1964-இல் சென்னையிலும், பின்னர் 2006-இல் தமிழகத்தின் பல பகுதிகளிலும் பரவியதை நம்மவர் மறந்திரார். மகோண்டே மொழியில் அப்பெயருக்கு உடலை வளைத்து முடக்குவது என்று பொருள். முதியோரிடம் அவ்வலி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. காய்ச்சலின்றிக் கைவிரல்கள் இருபுறமும் வீங்கினால் முடக்குவாதம் முதுமையில் தொடங்கியதா என்று ஆய்வர். அதற்குரிய குருதிச் சோதனைகளுள் ஒன்றான ருமட்டாய்டு காரணி, நோயற்ற முதியோர் சிலரிடமும் காணப்படும். ஆகவே சோதனைத் தாளை மட்டும் பார்த்து நோயென்று சொல்வதும் பிழை.

தோளும் இடுப்பும் இறுகி, காலை இறுக்கம் முக்கால் மணிக்கு மேல் நீடித்தால், 1921-இல் வெஸ்டர்கிரேன் முறைப்படுத்திய செங்குருதியணு படியும் வேகச் சோதனை துணை செய்யும். அழற்சி இருந்தால் அவ்வேகம் மிகும். ஆயின் வயது ஏற ஏற அது சிறிது மிகுவதும் இயல்பே. அத்துடன் புதிய தலைவலி, தாடை வலி, பார்வை மங்கல் ஆகிய மூன்றில் ஒன்று சேர்ந்தாலும் நாள் கடத்தலாகாது. நாடியை வெட்டிச் சோதித்து விடை வரும் வரை மருத்துவர் காத்திருப்பதில்லை. ஐயம் வலுத்தவுடன் மருந்தைத் தொடங்கி விடுவர்.

முடிவாக

நம் சித்த மருத்துவ மரபில் யூகி முனிவர் வாத நோய்களை எண்பது வகையாகப் பிரித்துக் கூறியதை நேயர்கள் கேட்டிருப்பர். அந்த எண்பதும் இன்றைய வகைப்பாட்டோடு பொருந்துமா என்பது வேறு ஆய்வு. வாதம் என்னும் ஒரு சொல்லோடு நின்று விடாமல் எண்பதாகப் பிரிக்க வேண்டுமென்று ஒருவருக்குத் தோன்றியதே, அதுதான் இங்கே கருதத் தக்கது. பக்தாதின் கஹ்ஹாலும், ரை நகரத்து ராஸியும், பெருவிரல் வலியோடு எழுதிய சிடன்ஹாமும், மூட்டு நீரில் இருவகைப் படிகம் கண்ட மெக்கார்ட்டியும் செய்தது அதுவே. நாமோ அவர்கள் அரிதிற் பிரித்தவற்றையெல்லாம் மீண்டும் ஒன்றாகக் கட்டி 'வயது' என்னும் மூட்டைக்குள் போட்டு விடுகிறோம்.

வயது ஒரு நோயன்று. முதியவர் ஒருவர், நேற்று வரை செய்த ஒன்றை இன்று செய்ய இயலவில்லை என்று கூறினால், அது செய்தி. எப்போது தொடங்கிற்று, எந்த இடம், காலையிலா மாலையிலா என்று அவரருகே அமர்ந்து கேட்பதற்கு மருத்துவப் பட்டம் வேண்டா. கேட்டு, அந்த விடைகளைக் குறித்துக் கொண்டு, தக்க மருத்துவரிடம் அவரைக் காலம் தாழ்த்தாமல் அழைத்துச் செல்வது பிள்ளைகளுக்கும் மாணவர்க்கும் உடன் பணிபுரிவோர்க்கும் உரிய கடமை. அந்த உஸ்தாது இன்று நம்மிடையே இல்லை. அவர் ஒற்றைக் கண்ணோடு ஓதிக் கொடுத்த பாடங்களுள் இதுவும் ஒன்றெனக் கருதியே இதனை எழுதினோம்.